பூநாரை வருவது ஆஸ்திரேலியாவிலிருந்து அல்ல
தனுஷ்கோடியில் எடுத்து இங்கே பகிர்ந்த பூநாரைப் (ஃபிளமிங்கோ) படங்கள் அருமை, அதுவும் பறக்கும்போது இறக்கையின் அடியில் கறுப்பும் இளஞ்சிவப்பும் பளிச்சென்று தெரிகிற அந்த இரண்டாவது படம். ஒரே ஒரு திருத்தம். இந்தப் பூநாரைகள் குளிருக்குத் தப்பி ஆஸ்திரேலியாவிலிருந்து வருவதாக மேலே ஒருவர் எழுதியிருக்கிறார், பலரும் அதையே பகிர்கிறார்கள். உண்மையில் ஆஸ்திரேலியாவில் இயற்கையாக வாழும் பூநாரையே இன்று கிடையாது. நமக்கு மார்கழி என்றால் அங்கே கோடை வேறு, எந்தக் குளிருக்குத் தப்புவது? இந்தியாவில் இந்தப் பெரிய பூநாரை பெருங்கூட்டமாகச் சேற்றைக் குவித்துக் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற இடம் குஜராத்தின் உப்புச் சதுப்பு நிலமான கட்ச் ரண். சந்தேகம் இருந்தால், பறவைகளைப் பார்த்தவர்கள் பதிவு செய்யும் ஈபேர்ட் (eBird) தளத்தில் 'கிரேட்டர் ஃபிளமிங்கோ' என்று தேடுங்கள், வரைபடம் வரும், அதில் முதலில் கட்ச் பக்கம் பாருங்கள், அப்புறம் ஆஸ்திரேலியா பக்கம் நகர்த்திப் பாருங்கள்.