கை காட்டினால் நிற்கும் ரயில்

பிரிட்டனில் பஸ்ஸுக்குக் கை காட்டுவது போல ரயிலுக்கும் கை காட்டி ஏறுகிற நிலையங்கள் நிறைய உண்டு. ரிக்வெஸ்ட் ஸ்டாப் என்பார்கள். இறங்க வேண்டியவர் கார்டிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், ஏறவும் ஆள் இல்லை, இறங்கவும் ஆள் இல்லை என்றால் வண்டி நிற்காமல் போய்விடும். வருஷா வருஷம் அங்கே நிலையவாரியாகப் பயணிகள் கணக்கு வெளியாகும், உடனே "நாட்டிலேயே ஆள் வராத ஸ்டேஷன்" என்று செய்தி வரும், அப்புறம் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒரு கூட்டம் கிளம்பும். கிளம்பட்டும், தப்பில்லை. அந்தப் பட்டியலை வைத்து ஒரு ஊரை எடை போடுவதுதான் எனக்கு ஒத்துவரவில்லை.

ஷிப்பியா ஹில் என்று ஒரு நிலையம், கேம்பிரிட்ஜ்ஷயரில் வயல்களுக்கு நடுவே. 2015-16 கணக்கில் வருஷம் முழுக்க 12 பேர். கேட்டால் சிரிப்பு வரும்தான். ஆனால் டைம்டேபிளைப் பாருங்கள்: வாரநாட்களில் காலையில் நாரிச் பக்கம் போக ஒரே ரயில், சாயங்காலம் அங்கிருந்து திரும்பி வந்து இறங்க ஒன்றுகூடக் கிடையாது. இதை நம்பி எவர் வேலைக்குப் போவார்? ரயிலையும் விடாமல் வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று கணக்குக் காட்டுவது என்ன நியாயம்! அங்கே ஒரு நிலையத்தை அதிகாரபூர்வமாக மூடுவதென்றால் சட்டப்படி ஏகப்பட்ட நடைமுறை, அதனால் பெயருக்கு ஒன்றிரண்டு வண்டியை மட்டும் விட்டுவைப்பது பல இடங்களில் நடந்திருக்கிறது.

நார்ஃபோக்கில் பெர்னி ஆர்ம்ஸ் இன்னும் வேடிக்கை. 1844-இல் பாதை போட நிலம் கொடுத்த பெர்னி என்ற நிலக்கிழார், இங்கே ஒரு நிலையம் இருந்தே தீர வேண்டும் என்று நிபந்தனை போட்டுத்தான் கொடுத்தார். இன்றும் சாலை கிடையாது. ரயில், படகு, இல்லையென்றால் சதுப்புப் புல்வெளியில் நடை. 2019-20-இல் 42 பயணிகளோடு பட்டியலின் அடிமட்டத்துக்குப் போனது, ஏனென்றால் சிக்னல் வேலைக்காக 2020 பிப்ரவரி வரை அந்தப் பாதையே மூடிக்கிடந்தது.

ஸ்காட்லாந்தின் வட கோடியில் ஆல்ட்னபிரெக். சுற்றிலும் 2024-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஃப்ளோ கன்ட்ரி சதுப்பு நிலம், வீடுகள் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான். நிலையத்துக்குள் போகும் வழி சம்பந்தமான தகராறில் 2023 நவம்பரிலிருந்து 2025 ஏப்ரல் வரை ரயில்கள் அங்கே நிற்கவே இல்லை. அந்த நாலைந்து வீட்டுக்காரர்களிடம் போய் வருஷத்துக்கு எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று கேட்டால் என்ன பதில் வரும்?

என்னைக் கேட்டால் ரிக்வெஸ்ட் ஸ்டாப் என்பது நல்ல ஏற்பாடு. எப்படியும் அந்த வழியாகப் போகிற வண்டி, ஆள் இருந்தால் மட்டும் ஓரிரு நிமிடம் நிற்கிறது. இதைவிடக் குறைந்த செலவில் சாலை இல்லாத ஊருக்கு வேறு என்னதான் செய்துவிட முடியும்?

சரி, பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. பெயர்ப்பலகையோடு செல்ஃபி எடுத்துவிட்டு அடுத்த வண்டியில் ஏறிவிடாதீர்கள், கொஞ்சம் நடந்து ஊரைப் பாருங்கள். டிக்கெட்டையும் அந்த நிலையத்தின் பெயரிலேயே எடுங்கள், ஏனென்றால் கணக்கு பெரும்பாலும் டிக்கெட் விற்பனையை வைத்துத்தான், பக்கத்து ஊர்வரை எடுத்தால் அந்த ஊர்க் கணக்கில் போய்விடும். திரும்பும்போது டிரைவர் கண்ணில் படுகிற இடத்தில் நின்று நன்றாகக் கையை நீட்டுங்கள், போனைப் பார்த்துக்கொண்டு நின்றால் வண்டி போய்விடும், அடுத்தது சில இடங்களில் மறுநாள்தான்.