வாக்குக் கொடுத்துவிட்டு எழுதாமல் போன கடிதம்

முதல் உலகப் போரைப் பற்றி எரிக் மரியா ரெமார்க் எழுதிய 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்' நாவலைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் அந்தக் குண்டுக்குழிக் காட்சிக்குத்தான் போகிறார்கள். பிரெஞ்சுச் சிப்பாய் ஒருவன் குழிக்குள் வந்து விழுகிறான். அங்கே பதுங்கியிருக்கும் ஜெர்மன் சிப்பாய் பால் பாய்மர், கதையைச் சொல்பவன், பயத்தில் அவனைக் கத்தியால் குத்திவிடுகிறான். வெளியே தலைகாட்ட முடியாமல், அவன் உயிர் போகும்வரை பக்கத்திலேயே கிடக்கிறான். அவனுடைய பையில் ஒரு பெண்ணும் சிறுமியும் இருக்கும் படங்கள். பெயர் ஜெரார்ட் டுவால், அச்சுத் தொழிலாளி. 'உன் மனைவிக்கு எழுதுகிறேன்' என்று பிணத்திடம் வாக்குக் கொடுக்கிறான் பால்.

உருக்கமான காட்சிதான். ஆனால் என்னை உலுக்கியது அதற்குப் பிறகு வரும் ஓரிரு பக்கங்கள். பொழுது சாயச் சாய, தப்பித்துவிடலாம் என்று தோன்ற ஆரம்பித்ததுமே, அந்த வாக்கைக் காப்பாற்றப் போவதில்லை என்பது பாலுக்குத் தெரிந்துவிடுகிறது. திரும்பி வந்ததும் நண்பர்கள், குறிபார்த்துச் சுட்டுக் கணக்கு வைத்துக்கொள்ளும் ஒருவனைக் காட்டி அவனைத் தேற்றுகிறார்கள். போர் என்றால் போர்தானே என்று அவனும் சமாதானமாகிவிடுகிறான். இன்னொரு எழுத்தாளர் என்றால் பால் மனம் திருந்தினான் என்று அத்தியாயத்தை முடித்திருப்பார். ரெமார்க் அப்படிச் செய்யவில்லை. இந்த நாவல் சொல்வதை நம்பலாம் என்று நான் முடிவு செய்தது அங்கேதான்.

பாலின் படைத்தோழன் முல்லரும் இதே ரகம். கால் துண்டிக்கப்பட்டுச் சாகக் கிடக்கும் இன்னொரு தோழன் கெம்மெரிக்கின் பூட்ஸ் மேல் அவனுக்குக் கண். படிக்கும்போது எரிச்சல் வரும். ஆனால் பால் அவனுக்காகப் பரிந்து பேசுகிறான்: அந்த பூட்ஸ் கெம்மெரிக்குக்குப் பயன்படும் என்றால் முல்லர் வெறுங்காலோடு முள்கம்பியில் நடப்பானே தவிர அதைக் கேட்டிருக்க மாட்டான். பின்னால் முல்லரும் சாகிறான், பூட்ஸ் பாலிடம் வருகிறது. இதற்கெல்லாம் பெரிய வர்ணனை கிடையாது. சாவை இப்படிப் போகிற போக்கில் சொல்வதுதான் இந்த நாவலின் பலம். 'எங்கள் தலைமுறை' என்று பால் பிரசங்கம் ஆரம்பிக்கும் பக்கங்களில் எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. அந்த வயதில் எல்லோரும் கொஞ்சம் பிரசங்கிகள்தான், சரி, விட்டுவிடலாம்.

பாலின் தோழர்களில் எனக்குப் பிடித்த ஆள் காட்சின்ஸ்கி. நாற்பது வயதுக்காரர், செருப்புத் தைக்கும் தொழிலாளி, எந்தப் பாழடைந்த ஊரிலும் ரொட்டி எங்கே கிடைக்கும் என்று மோப்பம் பிடிப்பவர். அவரும் பாலும் ராத்திரியில் திருட்டு வாத்தைச் சுட்டபடி அதிகம் பேசாமல் உட்கார்ந்திருக்கும் இடத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். கடைசியில் காலில் அடிபட்ட அவரை பால் முதுகில் சுமந்து வருகிறான். வந்து இறக்கினால் உயிர் இல்லை. வழியிலேயே ஒரு சிறு குண்டுச் சில்லு தலையில் பாய்ந்திருக்கிறது. உறவுக்காரரா என்று மருத்துவப் பிரிவு ஆள் கேட்கிறான். இல்லை என்கிறான் பால். வேறு என்ன சொல்ல முடியும்?

இந்த நாவலை வைத்து எடுத்த 2022 ஜெர்மன் படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதில் பால் விடுமுறையில் வீட்டுக்குப் போகும் பகுதியே இல்லை. நாவலில் அவன் அம்மாவின் படுக்கையருகே உட்கார்ந்து, போர்முனையில் அப்படி ஒன்றும் மோசமில்லை என்று பொய் சொல்கிறான். அது இல்லாமல் பாலை எப்படிப் புரிந்துகொள்வது? முடிவையும் மாற்றிவிட்டார்கள். படத்தில் போர் நிறுத்தத்துக்குச் சற்று முன் நடக்கும் தாக்குதலில், ஆரவாரமாகச் சாகிறான். நாவலில் 1918 அக்டோபரில், ராணுவ அறிக்கையில் எழுத எதுவுமே இல்லாத ஒரு நாளில் சாகிறான். அதுவரை 'நான்' என்று பேசியவனை கடைசிப் பத்திகளில் வேறு யாரோ 'அவன்' என்று சொல்கிறார்கள். தலைப்பே, 'மேற்கு முனையில் எல்லாம் அமைதி' என்ற அந்த அறிக்கையின் ஒற்றை வரியிலிருந்து வருவதுதான். அதைத் தூக்கிவிட்டுப் பெரிய சண்டையை வைத்ததில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.