தேதியையாவது பார்த்துவிட்டுப் பேசுங்கள்

ஞாயிற்றுக்கிழமை ஒரு பேச்சாளர் மேடையில் பேசியதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அந்தக் காணொளியை நானும் ஒருமுறை பகிர்ந்து பரப்ப விரும்பவில்லை. சேசு சபைக்காரர்கள், அதாவது ஜெசுவிட் என்கிற கத்தோலிக்கத் துறவிகள், கிழக்கிந்தியக் கம்பெனி கூட்டிவந்த ஆட்கள் என்று அவர் சொன்னதும் அரங்கமே கைதட்டியது. முன்வரிசையில் கைதட்டியவர்களில் தமிழாசிரியர்களும் இருந்தார்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

தேதியைப் பாருங்கள். கம்பெனி தொடங்கியதே 1600-ல்தான். சென்னையில் கோட்டைக்கு இடம் கிடைத்தது 1639-ல். சேசு சபையின் பிரான்சிஸ் சவேரியார் கோவாவில் இறங்கியதோ 1542. 1545-ல் இதே மயிலாப்பூரில் சில மாதங்கள் தங்கியும் போனார். அதே சபையின் அன்றீக் அடிகளார் மொழிபெயர்த்த 'தம்பிரான் வணக்கம்' என்ற கிறிஸ்தவ மறைக்கல்வி நூல் கொல்லத்தில் அச்சானது 1578 அக்டோபர் 20-ல். பதினாறே பக்கம். 1554-ல் லிஸ்பனில் வந்த தமிழ் நூலை ரோமன் எழுத்தில்தான் அடிக்க முடிந்தது. கொல்லத்தில் தமிழ் எழுத்தையே அச்சாக வார்த்தார்கள். இத்தாலியரான சேசு சபைத் துறவி நொபிலி மதுரைக்கு வந்தது 1606. கோட்டைக்கு முதல் செங்கல் வைப்பதற்கு முன்பே இதெல்லாம் நடந்து முடிந்துவிட்டது.

இன்னொரு குழப்பம். மெரினாவில் 1968-ல் வைத்த சிலைகளில் வீரமாமுனிவர் மட்டும்தான் சேசு சபை. போப்பும் கால்டுவெல்லும் சீர்திருத்த சபைக்காரர்கள். தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்த சீகன்பால்கு லூத்தரன். அவரை அனுப்பியவர் டென்மார்க் அரசர். நால்வரையும் ஒரே மூட்டையில் கட்டி 'மிஷனரி' என்று எழுதி ஒட்டினால் வேலை சுலபம்தான். ஆனால் அதற்குப் பெயர் வரலாறு இல்லை.

"போர்ச்சுகல்காரன் கப்பலில் வந்தார்களே?" என்பீர்கள். வந்தார்கள். சவேரியார் போர்ச்சுகல் அரசரின் ஆதரவில் வந்தவர். கோவாவுக்கு விசாரணை மன்றம் (மதக்கொள்கை மீறியவர்களைத் தண்டிக்கும் திருச்சபை நீதிமன்றம்) வேண்டும் என்று 1546-ல் அந்த அரசருக்கே கடிதம் எழுதினார். இதை மறைப்பவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. ஆனால் நொபிலி போன இடம் நாயக்கர் ஆண்ட மதுரை. போர்ச்சுகல் பீரங்கி அங்கே எட்டாது. காவி கட்டி, சைவம் உண்டு, தமிழும் சமஸ்கிருதமும் படித்து எழுதியவரை விசாரணையில் நிறுத்தியது அவருடைய திருச்சபையேதான். 1623-ல் ரோம் அனுமதி தரும்வரை அந்த வழக்கு ஓயவில்லை. கடைசியில் பார்வை மங்கி, 1656-ல் மயிலாப்பூரில் இறந்தார்.

அரசர்களின் ஏவலாட்கள் என்றால் அந்த அரசர்களே ஏன் இவர்களை விரட்டினார்கள்? போர்ச்சுகல் 1759, பிரான்சு 1764, ஸ்பெயின் 1767. 1773-ல் பாப்பரசர் பதினான்காம் கிளமெண்ட் சபையையே கலைத்தார். பாப்பரசர் எங்கே அனுப்பினாலும் போவேன் என்று துறவிகளின் வழக்கமான மூன்று வாக்குறுதிகளுக்கு மேல் நான்காவதாகத் தனி வாக்குறுதி கொடுக்கிற சபை அது. அதைக் கலைத்தவரும் பாப்பரசர்தான். 1814-ல் திரும்ப அனுமதி கிடைத்தது. 1838 வாக்கில் பிரெஞ்சு சேசு சபையினர், நொபிலி தொடங்கிய மதுரை மிஷனை மறுபடி எடுத்தார்கள். இடையில் அறுபது வருடத்துக்கும் மேல். சேசு சபையில் நவதுறவு என்கிற தொடக்கப் பயிற்சி மட்டுமே இரண்டு வருடம். பிறகு தத்துவம், களப்பணி, இறையியல் என்று பத்து வருடத்துக்கு மேல் ஓடும். மொழியை மூத்தவரிடமிருந்துதான் இளையவர் வாங்க வேண்டும். புது ஆள் வருவது நின்றால், இருப்பவர் இறக்க இறக்க அந்தச் சங்கிலி அறுந்துபோகும். இங்கே அதுதான் நடந்தது.

"மதம் மாற்றத்தானே வந்தார்கள்?" ஆமாம். அவர்களே அதை மறைக்கவில்லை.

"சாதி?" இந்தக் கேள்வி கேட்பவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நொபிலி பிராமண சந்நியாசியாக வாழ்ந்ததால் மற்ற சாதிகளிடம் பழக முடியவில்லை. 1640-லிருந்து அதற்கென்று பண்டாரசாமிகள் என்று தனிப் பிரிவே வைத்தார்கள். கோயிலுக்குள்ளும் சாதி வந்து உட்கார்ந்தது. இதற்கு என்னிடம் சமாதானம் கிடையாது. மேடையில் பேசியவர் இதைக் கேட்டிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன். அவர் கேட்கவில்லை. கம்பெனிக் கப்பல் என்றார்.

எனக்கு வலிப்பது வேறு. ஓலையில் எகரத்தையும் ஏகாரத்தையும் பிரித்துக் காட்டியது ஒரு புள்ளிதான். புள்ளி வைத்தால் குறில். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று எழுதுபவர் விட்டுவிடுவார். அது எரியா, ஏரியா? இடம் பார்த்து ஊகிக்க வேண்டும். வீரமாமுனிவர் புள்ளியை விட்டுவிட்டு, நெடிலுக்கு எழுத்தின் வடிவத்தையே மாற்றினார்: எ-வின் காலை இழுத்து ஏ, ஒ-வின் அடியைச் சுழித்து ஓ, உயிர்மெய்யில் கொம்பின் மேல் ஒரு சுழி. பாட்டாக மனப்பாடம் செய்துவந்த நிகண்டை அகரவரிசைக்குக் கொண்டுவந்து, பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதியாக 1732-ல் 'சதுரகராதி' செய்தார். 'தேம்பாவணி' 3,615 பாடல். இதைப் பாடம் நடத்துகிற ஆசிரியர்களே அன்றைக்குக் கைதட்டினார்கள்.

அந்தக் காணொளியின் தலைப்பிலேயே இரண்டு இடத்தில் ஏகாரம் இருக்கிறது. போய்ப் பாருங்கள்.

பேசியவர் திருத்தம் வெளியிட்டால் அதை முதலில் பகிர்வது நானாகத்தான் இருப்பேன். நான்கு நாளாகக் காத்திருக்கிறேன்.