அரைச்சுவர் வகுப்பறை குறித்து ஒரு திருத்தம்

நமது பாடசாலைகளின் அரைச்சுவர் வகுப்பறைகள் பணம் போதாமல் பாதியில் விடப்பட்டவை என்ற கருத்து இங்கு பலராலும் பகிரப்படுகிறது. அது சரியன்று என்பதைப் பணிவுடன் தெரிவிக்கிறேன். வெப்பமும் ஈரப்பதனும் மிகுந்த திருகோணமலை போன்ற ஊரில், இருபுறமும் எதிரெதிரே திறந்திருக்கும் அரைச்சுவரும் நீண்டிறங்கும் தாழ்வாரமும், காற்றை ஊடே செல்லவிட்டு வெயிலை மறைப்பதற்காகத் திட்டமிட்டே அமைக்கப்படுபவை. பிள்ளைகள் புழுங்காமல் படிக்க வேண்டும் என்ற அக்கறை அதில் இருக்கிறது. மாரிச்சாரல் சில வேளை உள்ளே அடிக்கும் என்பதும் உண்மையே.

நேரில் பாருங்கள்: பாதியில் நின்ற சுவரின் தலையில் கல்வரிசை தெரியும்; இவற்றிலோ மேல்விளிம்பு வழவழப்பாகப் பூசப்பட்டு, தூண்கள் கூரைவரை எழுந்திருக்கும். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் யூலை நண்பகலில் அச்சுவரோரம் ஒரு கொப்பித்தாளைப் பிடியுங்கள். பின்னர், மின்விசிறியை நிறுத்திவிட்டு, அடைத்த அறையொன்றிலும் அதையே செய்யுங்கள்.