போனில் படித்த பிள்ளைகளை எழுப்பி நிறுத்தியவருக்கு

போன கிழமை அந்த நிகழ்ச்சி மேடையில் நடந்ததை உங்களில் கனபேர் பார்த்திருப்பீர்கள். வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. நான் அதைப் பகிர மாட்டேன். என்னிடம் சங்கீதம் படிக்கிற பிள்ளைகளின் முகம் அதில் வடிவாகத் தெரிகிறது.

"கொரோனா நேரம் போனில சங்கீதம் படிச்ச ஆக்கள் எழும்புங்கோ பாப்பம்" என்று மேடையில் பேச வந்தவர் கேட்டார். ஏதோ பாராட்டப் போகிறார் என்று நினைத்துப் பிள்ளைகள் எழும்பினார்கள். "இவைக்கு இனி சரளி வரிசையில இருந்து திருப்பிச் சொல்லிக்குடுக்க வேணும்" என்றார், அதாவது முதல் பாடத்தில் இருந்து. மண்டபம் சிரித்தது. பிறகு அவர் போனில் படித்தால் தாளம் வராது, குருகுலம், கேள்வி ஞானம், குருவுக்குப் பக்கத்தில் இருந்து பாடுவது என்று நெடுநேரம் கதைத்தார். அதில் பலதும் சரியான கதைதான். அதைச் சொல்வதற்கு ஏன் ஐயா அந்தப் பிள்ளைகளை எழுப்பி நிறுத்தினீர்கள்? வளர்ந்த எங்களைக் கேட்டிருக்கலாமே. சொல்லிக்கொடுத்த நான் அதே மண்டபத்தில்தானே இருந்தேன்.

2020 மார்ச் 20ஆம் திகதி பின்னேரம் ஊரடங்கு போட்டார்கள். பள்ளிக்கூடங்கள் அதற்கு ஒரு கிழமை முன்னரே பூட்டியாகிவிட்டது. வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த பிள்ளைகள் வன்னிக்குள் விசுவமடு, உடையார்கட்டு, ஒட்டுசுட்டான், முள்ளியவளை என்று சிதறிக் கிடந்தார்கள். எல்லாரையும் போல நானும் சூமில்தான் தொடங்கினேன். முதல் நாளே விளங்கிவிட்டது, சூம் மனிசர் கதைக்கிறதுக்குச் செய்த சாமான், பாடுகிறதுக்கு இல்லை. சுருதிப் பெட்டியைப் போட்டால், விடாமல் ஒரே மாதிரி வருகிற சத்தம் என்றபடியால், மின்விசிறி இரைச்சல் என்று நினைத்து அதை அழித்துவிடும். பிள்ளை அங்கே சுருதியோடு பாடும், எனக்கு இங்கே சுருதி கேட்காது. நானும் பிள்ளையும் ஒரே நேரத்தில் வாய் திறந்தால் ஒருவரின் குரலை அமத்திவிடும். ஒறிஜினல் சவுண்ட் என்று ஒன்று உள்ளே இருக்கிறது, அதைப் போட்டால் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் அதற்கு நல்ல கவரேஜ் வேண்டும். போதாததற்கு, காசு கட்டாத சூம் என்றபடியால், நாற்பது நிமிசத்தில் குழு வகுப்பு தானாக அறுந்துவிடும்.

தாளம் வராது என்று சொன்னீர்களே, ஏன் சேர்ந்து பாட வராது என்று நான் சொல்கிறேன். சத்தம் காற்றில் ஒரு மீற்றர் போக ஏறக்குறைய மூன்று மில்லி செக்கன் எடுக்கும். மேடையில் பாடுகிறவருக்கும் மிருதங்கக்காரருக்கும் இடையில் உள்ள தூரத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. முப்பது மில்லி செக்கனை நெருங்கினாலே சேர்ந்து வாசிக்கிறது இழுபடத் தொடங்கும். எங்கள் பக்கத்துச் சிக்னலில் சூம் எடுத்தது அதைப்போல் எத்தனையோ மடங்கு. நான் போட்ட தட்டு பிள்ளைக்குப் பிந்திப் போகும், பிள்ளையின் குரல் இன்னும் பிந்தி வரும், நான் காத்திருப்பேன், பிள்ளையும் காத்திருக்கும், பாட்டின் வேகம் தேய்ந்துகொண்டே போகும். இது எனக்கும் தெரியும் ஐயா. தெரிந்தபடியால்தான் சூமை விட்டேன்.

பிறகு வட்ஸ்அப்பில் செய்தோம். சுருதியைப் பின்னால் ஓடவிட்டு, கைத்தாளம் கேட்கத் தட்டி, ஒரு வரி பாடுவேன். அதே அளவு நேரம் பாடாமல் தாளம் மட்டும் போடுவேன். அந்த இடைவெளியில் பிள்ளை பாட வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு போன்தான். வகுப்புக்கும் சுருதிக்கும் அதே போன். அதனால்தான் சுருதியை என் பதிவுக்குள்ளேயே வைத்தேன். பிள்ளை கேட்டு, பாடிப் பழகி, பாடினதைப் பதிந்து திருப்பி அனுப்பும். நான் இரவில் இருந்து ஒவ்வொன்றாகக் கேட்டு, "ரண்டாம் வரியில மத்திமம் கீழ நிக்குது, திரும்பப் பாடு" என்று பதில் சொல்லுவேன்.

ஒரு பிள்ளையின் வீட்டில் கவரேஜே இல்லை. அவள் பகலில் பாடிப் பதிந்து வைப்பாள். பின்னேரம் மாடு சாய்க்கப் போகிற தகப்பன் அந்தப் போனைக் கொண்டுபோவார். அவர் குளக்கட்டில் ஏறினதும் என் போனில் டிங் டிங் என்று வரிசையாக வந்து விழும். என் பதிலும் அங்கே நின்றபடிதான் அவருக்குக் கிடைக்கும். அது முழுக்க இறங்கும்வரை மாட்டை விட்டுவிட்டு அந்த மனிசன் குளக்கட்டிலேயே நிற்பார். நீங்கள் எழுப்பி நிறுத்திச் சிரித்ததில் அந்தப் பிள்ளையும் ஒன்று. மாயாமாளவகௌளை இராகத்தில் அலங்காரப் பயிற்சி ஏழையும் மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், பாடுவாள். தாளம் பார்த்துப் போட என் கை அவளுக்கு முன்னால் இருக்கவில்லை, தன் கையையே நம்பிப் போட்டுப் பழகினவள். அனுப்ப முன்னம் தன் குரலைத் தானே கேட்டு, சரியில்லை என்று அழித்து, திரும்பப் பாடிப் பாடி அனுப்பினவள். பக்கத்தில் இருத்திச் சொல்லிக்கொடுத்த காலத்தில் ஒரு பிள்ளையும் அப்படித் தன் குரலைக் கேட்டதை நான் காணவில்லை.

"கமகம் போனில வருமா ரீச்சர்?" என்று கேட்பீர்கள். சுரத்தை அசைத்துப் பாடுகிற அந்த நுணுக்கம் முழுக்க வராது. அது நிறைய வருகிற தோடி, பைரவி இராகங்களை நான் போனில் தொடவில்லை, நேரில் வந்த பிறகுதான் தொடங்கினோம். மிருதங்கத்தைப் பற்றி வாதாடவே மாட்டேன். அதின் இடப்பக்கமான தொப்பியின் கீழ்ச்சத்தம் போன் ஸ்பீக்கரில் இல்லவே இல்லை, அந்த ஆசிரியர்கள் பட்ட பாடு பெரிய பாடு. அந்தக் காலத்தில் கோயில் திருவிழா ஒன்றுக்காக நாங்கள் தேவாரம் ஒன்றை ஆளுக்கொரு இடத்தில் இருந்து பதிந்தோம். நான் முதலில் பாடி அனுப்ப, வயலின் கனடாவில் சேர்ந்தது, மிருதங்கம் கிளிநொச்சியில் சேர்ந்தது. "பாடுற ஆளின்ர முகத்தைப் பாக்காம, பாட்டு வந்து நிக்கிற அறுதிக்கு எப்பிடியக்கா வாறது?" என்று மிருதங்கக்காரத் தம்பி நொந்துபோனான். பிறகு நான் தாளத்தைக் கேட்கத் தட்டித் திரும்பப் பதிந்து அனுப்பினேன். பார்த்த சனம் நாங்கள் ஒரே நேரத்தில் வாசித்ததாக நினைத்தது. இல்லை, ஒன்றுக்கு மேல் ஒன்றாக வைத்து ஒட்டினது. குறை இருக்கிறது என்று எனக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. குறையோடு செய்தோமா, செய்யாமல் விட்டோமா என்பதுதான் அன்றைக்கு எங்களிடம் இருந்த தெரிவு.

தூரத்தில் இருந்து கேட்டுப் படிக்கிறது எங்களுக்குப் புதிசு என்று நினைக்கிறீர்களா? எனக்குச் சங்கீதம் வந்ததே அப்படித்தான். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை, பற்றரி தடை, வன்னியில் கரண்ட் இல்லை. அப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் ரேடியோவைக் கொழுவி, கையால் பெடலைச் சுற்றுவார். திருச்சி வானொலியில் கச்சேரி போகும். நான் கொப்பியில் சாகித்தியத்தை, பாட்டின் வரிகளை, எழுதுவேன். அப்பாவுக்குக் கை நோக, பாட்டுத் தேயும். "அப்பா, அப்பா" என்று கத்துவேன், திரும்பச் சுற்றுவார். வயலில் இருந்து வந்து, முகம்கூடக் கழுவாமல் இருந்து சுற்றின மனிசன். அவருக்கு ஒரு இராகத்தின் பேரும் தெரியாது. எங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சங்கீத ரீச்சர் வரும்போது நான் பெரிய வகுப்புக்கு வந்துவிட்டேன். அந்தக் கொப்பி 2009இல் மற்ற எல்லாத்தோடும் போய்விட்டது. அதில் படித்தது போகவில்லை. அப்படியென்றால் நானும் எழும்பி நிற்க வேண்டிய ஆள்தானே? என்னை ஏன் கேட்கவில்லை?

அடுத்தது காசு. அந்த வீடியோவின் கீழே ஒருவர் "ஒன்லைன் வகுப்பு எல்லாம் காசு பாக்கிற வேலை" என்று எழுதியிருந்தார், அதற்கு நிறைய லைக். இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை இல்லை. ஊரடங்குக்குள் நாட்கூலிக்குப் போக முடியாமல் இருந்த வீடுகளிடம் நான் காசு கேட்கவில்லை. சில வீடுகளுக்கு ரீலோட் போட்டுவிட்டதும் நான்தான், இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, எழுத வைத்துவிட்டீர்கள். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்குப் படிப்பித்து வந்த காசில்தான் இந்தப் பிள்ளைகளுக்குச் சும்மா படிப்பிக்க முடிந்தது. சரி, காசு வாங்கினாலும் என்ன பிழை? கோயில் திருவிழாவும் கலியாண வீடும் நின்றுபோக, நாதஸ்வரமும் தவிலும் வாசிக்கிற குடும்பங்கள் என்ன பாடு பட்டன என்று எங்கள் ஊர்களில் எல்லாருக்கும் தெரியும். தவிலை உறைக்குள் போட்டுக் கட்டி வைத்துவிட்டுத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போன கலைஞரை நான் கண்டேன். அவர் போனில் ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து ஆயிரம் ரூபா வாங்கினால் சங்கீதம் தீட்டாகிவிடுமா?

"கொரோனா முடிஞ்சுதே, ஏன் இன்னும்?" என்றும் ஒருவர் கேட்டிருந்தார். 2022 பொருளாதார நெருக்கடியை மறந்துவிட்டீர்களா? மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. பெற்றோல் இல்லை. ஒட்டுசுட்டானுக்குப் போக மோட்டார் சைக்கிள் இருந்தும் நான் வீட்டில்தான் இருந்தேன். அப்போதும் அந்த வொய்ஸ் மெசேஜ்தான் போனது. இன்றைக்கும் கடைசி பஸ்ஸை விட்டால் வீடு போக வழியில்லாத பிள்ளைகள் என்னிடம் படிக்கிறார்கள். காரில் ஏ9 வீதியால் வந்து, பேசி, மாலை போட்டு, இருட்ட முன்னம் திரும்பிப் போகிற ஆட்களுக்கு இந்தத் தூரம் தெரியாது. எங்கள் பிள்ளைகள் எதைப் படித்தாலும் அது அரைகுறை என்று சொல்கிற பழக்கமும் இன்றைக்கு வந்ததில்லை. அதைத்தான் அந்தச் சிரிப்பில் நான் கேட்டேன். பிழையாகக் கேட்டேன் என்று சொல்ல வருகிறவர்கள் தயவுசெய்து வீடியோவைத் திரும்பப் பாருங்கள்.

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு மூன்று தாய்மார் போன் எடுத்து, "ரீச்சர், இவ படிச்சது பிழையா? நிப்பாட்டவா?" என்று கேட்டார்கள். நிப்பாட்ட வேண்டாம். சனிக்கிழமை நேரில் வகுப்பு இருக்கிறது, வர முடியாத ஆட்களுக்கு வழமைபோல வெள்ளி இரவு பதிவு வரும். இந்தமுறை மோகன இராகத்தில் கீதம். பிள்ளை பாடினதை ஞாயிறு பின்னேரத்துக்குள் அனுப்புங்கோ.