இடது கைக்கு மட்டும் கொஞ்சம் தாராளம்

(தையல் கடை. மேசையில் வெள்ளை நூலால் ஓட்டுத்தையல் போட்ட கோட்டு ஒன்று கிடக்கிறது. வலது கை இன்னும் வைக்கவில்லை. வந்தவர் இடது கையை மாவுக்கட்டு போட்டவர் மாதிரி மடக்கிப் பிடித்துக்கொண்டு நுழைகிறார்.)

மாஸ்டர்: வாங்க சார். நாலு மணிக்கு ட்ரையல் என்று சொன்னதாக ஞாபகம். கையில் என்ன, அடியா?

வந்தவர்: அடியெல்லாம் இல்லை மாஸ்டர். கடிகாரம். புதுசு. உங்கள் கண்ணில் படட்டும் என்றுதான் இப்படி.

மாஸ்டர்: தெருமுனையிலேயே பட்டுவிட்டது. கையை இறக்குங்கள்.

வந்தவர்: முழுக்க எஃகு. 300 மீட்டர் ஆழத்தில் போட்டாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது.

மாஸ்டர்: விருந்து கடலுக்கு அடியிலா?

வந்தவர்: மொட்டை மாடியில்.

மாஸ்டர்: சரி, கோட்டைப் போட்டுப் பாருங்கள்.

(கை போகிறது. போகிறது. நிற்கிறது. கோட்டின் உள்துணி கடிகார விளிம்பில் மாட்டிக்கொள்கிறது. சட்டைக் கை ஏற்கெனவே கடிகாரத்தில் முட்டி, முழங்கைப் பக்கமாகச் சுருண்டு கிடக்கிறது.)

வந்தவர்: மாஸ்டர், கோட்டு சின்னதாகிவிட்டது.

மாஸ்டர்: கோட்டு அப்படியேதான் இருக்கிறது சார். மூன்று வாரத்துக்கு முன்னால் அளவெடுத்தபோது இந்தக் கை வெறுங்கை. உங்கள் உடம்புக்கென்று தனியாகக் காகிதத்தில் வரைந்து வெட்டியது இது. உங்களுக்கு வலது தோள் கால் அங்குலம் இறக்கம், அதைக்கூடக் கணக்கில் சேர்த்திருக்கிறேன். திடீரென்று மணிக்கட்டில் ஒரு கட்டடம் எழும்பினால் நான் என்ன செய்ய?

வந்தவர்: வலது தோள் இறக்கமா? என் மனைவிகூட சொன்னதில்லையே!

மாஸ்டர்: கோட்டு போட்டால் தெரியாது. அதற்குத்தானே என்னிடம் வந்தீர்கள். (அளவு நாடாவைக் கடிகாரத்தின் மேல் வைத்து) அகலம் 44 மில்லிமீட்டர், கனம் 14. சூட்டுக்குக் கட்டுவது என்றால் அகலம் 36, 38 போதும். கனம் 8, 9க்கு மேல் போனால் சட்டைக் கைக்குள் நுழையாது.

வந்தவர்: எதற்கு நுழையணும்?

மாஸ்டர்: சட்டைக் கை, கோட்டுக் கையைவிட அரை அங்குலம் வெளியே தெரியணும். கடிகாரம் அந்தச் சட்டைக் கைக்குள்ளே இருக்கணும். கையை நீட்டினால் எட்டிப் பார்க்கும், இறக்கினால் உள்ளே போய்விடும்.

வந்தவர்: உள்ளே போகவா? இவ்வளவு செலவழித்தது ஒளித்து வைக்கவா?

மாஸ்டர்: உங்கள் கோட்டின் நெஞ்சுப் பகுதியில் குதிரை மயிர் சேர்த்து நெய்த கித்தானைக் கையாலேயே தைத்து வைத்திருக்கிறேன். துணி படிந்து நிற்கிறதே, அதன் வேலைதான் அது. நானும் ஒளித்துத்தான் வைத்திருக்கிறேன்.

வந்தவர்: அப்படியா? அதையும் கொஞ்சம் வெளியே தெரிகிற மாதிரி வைக்க முடியுமா?

(மாஸ்டர் வாயிலிருந்த ஊசியை எடுத்து ஊசி மெத்தையில் குத்துகிறார். கொஞ்சம் பலமாகவே.)

வந்தவர்: சரி, சட்டைக் கைக்கு மேலேயே கட்டிக்கொண்டால்?

மாஸ்டர்: இத்தாலியில் ஃபியட் முதலாளி ஜியான்னி ஆன்யெல்லி அப்படித்தான் கட்டினார்.

வந்தவர்: பார்த்தீர்களா!

மாஸ்டர்: அவருக்குக் கீழே ஒரு கார் கம்பெனியே இருந்தது, யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். உங்களுக்கு வீட்டில் எப்படி?

வந்தவர்: ...வேறு வழி சொல்லுங்கள்.

மாஸ்டர்: மேல்நாட்டுப் பழைய வழக்கம் ஒன்று உண்டு. கருப்பு வில் டை கட்டிப் போகிற இரவு விருந்துக்குக் கடிகாரமே கட்டக்கூடாது. அங்கே போய் மணி பார்த்தால், கூப்பிட்டவரிடம் ‘எப்போது விடுவீர்கள்’ என்று கேட்ட மாதிரி.

வந்தவர்: மாஸ்டர், நீங்கள் எனக்குச் சூட் தைக்கிறீர்களா, துறவறம் சொல்லித் தருகிறீர்களா?

(பெருமூச்சு விட்டு, பையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து அவிழ்க்கிறார்.)

வந்தவர்: இது தாத்தாவுடையது. மனைவிதான் பையில் போட்டு அனுப்பினாள். சின்னப் பிள்ளைகள் கட்டுகிற அளவில் இருக்கிறது.

(மாஸ்டர் மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்குகிறார். முகப்பு பழைய புத்தகத் தாளின் நிறத்துக்கு வந்திருக்கிறது. பழுப்புத் தோல் வாரில் நாலாவது ஓட்டை மட்டும் நீண்டு போயிருக்கிறது.)

மாஸ்டர்: தாத்தாவுக்கு ஒல்லியான கை. சாவி கொடுக்கிற கடிகாரம், இல்லையா? அதுதான் இவ்வளவு மெலிசு.

வந்தவர்: ஆனால் போலி மாஸ்டர். ரோமன் எண்ணில் நாலைத் தப்பாகப் போட்டிருக்கிறான். IV என்று இல்லாமல் வெறும் நாலு குச்சி நிற்கிறது. தாத்தாவை எவனோ நன்றாக ஏமாற்றியிருக்கிறான்.

மாஸ்டர்: கடிகாரத்தில் அப்படிப் போடுவது பழைய வழக்கம் சார். பிரெஞ்சு கம்பெனி கார்த்தியேயின் ‘டேங்க்’ கடிகாரம் இருக்கிறதே, 1917இல் உருவானது, அதிலும் நாலு குச்சிதான்.

வந்தவர்: டேங்க்கா? போர் வண்டியா?

மாஸ்டர்: அதேதான். முதல் உலகப் போர் வண்டியை மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ, அந்த வடிவம். போர் வண்டியைப் பார்த்து வரைந்த கடிகாரம் சட்டைக் கைக்குள் சமர்த்தாக நுழைகிறது. உங்களுடையது நிஜப் போர் வண்டி மாதிரி வாசலிலேயே நிற்கிறது.

(தாத்தாவின் கடிகாரத்தைக் கட்டிவிட்டுக் கோட்டுக் கையை இழுக்கிறார். வழுக்கிக்கொண்டு போகிறது. வந்தவர் கையை நீட்டுகிறார், மடக்குகிறார், நீட்டுகிறார். கண்ணாடி முன்னால் நின்று ஏழெட்டு முறை.)

வந்தவர்: நன்றாகத்தான் இருக்கிறது. என்னைவிட வசதியான ஆள் மாதிரி தெரிகிறேன்.

மாஸ்டர்: ஷூ பழுப்பாக இருக்கட்டும், வாருக்குப் பொருந்தும். கருப்புதான் என்றால் வாரை மாற்றிக்கொள்ளுங்கள். அப்புறம், சட்டையின் இடது கையைச் சுற்றளவில் கால் அங்குலம் தாராளமாக விடுகிறேன், கடிகாரத்துக்காக. வலது கை வழக்கம்போல. எந்தக் கடிகாரம் என்று முடிவாகச் சொல்லுங்கள்.

வந்தவர்: (வெகுநேரம் யோசித்து) இடது கைக்குத் தாத்தாவுடையது.

மாஸ்டர்: நல்லது.

வந்தவர்: வலது கைக்கு என்னுடையது. அந்தக் கைதான் நீங்கள் இன்னும் வைக்கவே இல்லையே!

(மாஸ்டர் நாற்காலியைத் தேடி உட்காருகிறார்.)

மாஸ்டர்: மூன்றாவதாக ஏதாவது இருந்தால் பேன்ட் வெட்டுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள் சார்.

வந்தவர்: இல்லை, இல்லை, இரண்டுதான்.

மாஸ்டர்: மணி என்ன பாருங்கள், கடை அடைக்கணும்.

வந்தவர்: (இடது கையை நீட்டி) மூன்று இருபது.

மாஸ்டர்: சாவி கொடுத்தீர்களா?

வந்தவர்: தாத்தா கொடுத்ததோடு சரி. (வலது கையில் மாட்டியதைப் பார்த்து) இதில் பத்து மணி பத்து நிமிடம்.

மாஸ்டர்: காலையா, ராத்திரியா?

வந்தவர்: எப்போதுமே அதுதான். விளம்பரத்தில் முள்ளை அப்படித்தான் வைத்துக் காட்டுகிறார்கள், அதுதான் பார்க்க அழகு. நகர்ந்துவிடக் கூடாதே என்று பக்கத்துத் திருகை வெளியே இழுத்து விட்டிருக்கிறேன்.

மாஸ்டர்: திருகு வெளியே இருந்தால் 300 மீட்டர் என்ன, குழாயடியைக்கூட அது தாங்காது சார்.

வந்தவர்: ஐயோ! (அவசரமாகத் திருகை அழுத்திவிட்டு, பேன்ட் பையிலிருந்து செல்போனை எடுத்துப் பார்த்து) ஆறே கால் மாஸ்டர்.

(மாஸ்டர் எழுந்து, கழுத்திலிருந்து அளவு நாடாவை இறக்குகிறார்.)

மாஸ்டர்: இதுதானே சார் அந்த மூன்றாவது? கொடுங்கள், அளவெடுத்துவிடுகிறேன்.