கவுண்டி என்றால் பல கவுண்டர்
டெக்சாஸில் 254 கவுண்டிகள், நம்மூர் மாவட்டம் மாதிரி. எனக்கு வேண்டியது ஒரே ஒரு காகிதம். என் வீட்டின் பழைய உரிமையாளர் பின்னால் இழுத்துக் கட்டிய அறைக்கு அனுமதி வாங்கினாரா, இல்லையா?

கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் பத்திரமும் திருமணப் பதிவும்தான் இருக்குமாம். சரி, வந்ததற்குப் பத்திர நகலாவது வாங்குவோம் என்று பக்கத்துக்கு 1 டாலர் அழுதேன். வீட்டு மதிப்புக்கு அப்ரைசல் அலுவலகம், வரிக்கு இன்னொன்று, மாவட்ட நீதிமன்ற வழக்கு என்றால் டிஸ்ட்ரிக்ட் கிளார்க். கட்டட அனுமதியா? நகர எல்லைக்குள் என்றால் சிட்டி ஹாலைக் கேள், வெளியே என்றால் கவுண்டியைக் கேள். எங்கள் தெருவோ எல்லைக்கோட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது!

கடைசியில் பொதுத் தகவல் சட்டப்படி கவுண்டிக்கு எழுதிக் கேட்டேன். எதற்கு என்று அவர்கள் கேட்கக் கூடாது. அந்த மட்டில் நல்ல சட்டம்தான். 10 வேலை நாளில் ஆவணம் வந்துவிடும் என்று நம்பியது என் தப்பு. பத்தாம் நாள் வந்தது, எந்தத் தேதியில் தருவார்கள் என்ற கடிதம். அந்தத் தேதியில் இன்னொரு கடிதம்: அப்படி எதுவும் எங்களிடம் இல்லை.

இப்போது சிட்டி ஹாலுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன், அதே அறையில் உட்கார்ந்து.